தண்டனை சரியா, தவறா? ஃபோர்முலா 1 தீர்ப்புகளைப் பற்றி வாதிடுவோருக்கு மலையகத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஒக்டோபர் 21, திங்கட்கிழமை. நேரம் அதிகாலை இரண்டு மணி. ஹட்டனில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில் ஏழு பேர் தொலைக்காட்சியை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவின் ஒஸ்டினில் ஞாயிறு பிற்பகல் தொடங்கும் போட்டி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும். மொத்தம் 56 சுற்றுகள், ஓடிக்கொண்டிருந்தது 52ஆவது. மெக்லாரன் ஓட்டுநர் லண்டோ நொரிஸ் 12ஆவது முடக்கில் ரெட்புல்லின் மெக்ஸ் வெர்ஸ்டப்பனை வெளிப்பக்கமாகத் தாண்டினார். இரண்டு கார்களும் வெள்ளைக் கோட்டைக் கடந்து வெளியே போய்த் திரும்பின. சற்று நேரத்தில் நொரிஸுக்கு 5 விநாடித் தண்டனை என்று திரையில் வந்தது. மூன்றாவதாக வந்தவர் நான்காமிடத்துக்குப் போனார்.

அதன்பிறகு எங்கள் முன்னறையில் நடந்ததைப் போட்டி என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா போர்வையோடு வந்து கதவைத் தட்டி, "தம்பி, யாருக்கும் சுகமில்லையா?" என்று கேட்டார். நால்வர் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

மறுநாள் யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: நாங்கள் ஏழு பேரும் ஒரே கேள்விக்கு வாதிடவில்லை. ஒருவர் யார் முன்னால் இருந்தார் என்று கேட்டார். ஒருவர் விதியே அநியாயம் என்றார். வெர்ஸ்டப்பனும் வெளியே போனாரே, அவருக்கு ஏன் தண்டனை இல்லை என்றார் இன்னொருவர். மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் எதற்கும் விடை வராது. அன்று முதல் நாங்கள் கடைப்பிடித்து வரும் ஒழுங்கைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: தீர்ப்பு சொன்னவர் யார்?

திட்டுவதற்கு முன் யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். போட்டியை நடத்துபவர் போட்டிப் பணிப்பாளர். விபத்தின்போது எல்லாக் கார்களையும் தன் பின்னால் மெதுவாக வரவைக்கும் பாதுகாப்புக் காரை வெளியே அனுப்புவதும், போட்டியை நிறுத்துவதும், மீண்டும் தொடங்குவதும் அவர் வேலை. தண்டனை கொடுப்பது அவர் வேலை இல்லை. அதற்கு நடுவர் குழு ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்டூவர்டுகள் என்பது இவர்களைத்தான். பொதுவாக மூவர் அல்லது நால்வர். எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச மோட்டார் சம்மேளனம் நியமிப்பவர்களோடு, போட்டி நடக்கும் நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பு நியமிக்கும் ஒருவரும் இருப்பார். 2010 முதல் முன்னாள் ஓட்டுநர் ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் குழு மாறும் என்பதை மனத்தில் வையுங்கள், பிறகு உதவும்.

இந்த வேறுபாடு தெரியாமல் 2021 டிசம்பரில் நடந்த அபுதாபிப் போட்டியைப் பற்றிப் பேசவே முடியாது. நிக்கலஸ் லத்தீஃபியின் கார் மோதியதால் பாதுகாப்புக் கார் வந்தது. ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த கார்களில், முதலிடத்தில் ஓடிய மெர்சிடிஸ் ஓட்டுநர் லூயிஸ் ஹமில்டனுக்கும் வெர்ஸ்டப்பனுக்கும் இடையில் நின்ற ஐந்தை மட்டும் முன்னே போகவிட்டு, கடைசிச் சுற்றுக்குப் போட்டியைத் திறந்தவர் அன்றைய பணிப்பாளர் மைக்கல் மாசி. அந்தச் சுற்றில் வெர்ஸ்டப்பன் ஹமில்டனைத் தாண்டி உலகப் பட்டத்தை வென்றார். அப்படித் திறந்தது பணிப்பாளரின் முடிவு. மெர்சிடிஸ் செய்த முறைப்பாட்டை அன்றிரவே தள்ளுபடி செய்ததுதான் நடுவர்களின் முடிவு. 2022 மார்ச்சில் வந்த எஃப்.ஐ.ஏ. அறிக்கை, மாசி நல்லெண்ணத்தோடு செயல்பட்டார், ஆனாலும் அது மனிதத் தவறு என்றது. விதியின் வாசகத்தில் 'எந்தக் கார்களும்' என்ற பொருளில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு, 'எல்லாக் கார்களும்' என்று திருத்தினார்கள். ஒரு சொல்லின் தளர்ச்சிக்கு ஓர் உலகப் பட்டம் விலையானது. விதியின் சொல்லைச் சொல்லாகவே படிக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: அளக்கும் விதியா, மதிப்பிடும் விதியா?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு காட்டுவது 18 கிலோ என்றால் 18 கிலோதான். அதில் வாதத்துக்கு இடமில்லை. மழை ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, முற்றல் இலைக்கு எவ்வளவு கழிப்பது என்று வரும்போதுதான் குரல் உயரும். முதலாவது அளவை, இரண்டாவது மனிதரின் மதிப்பீடு. ஃபோர்முலா 1 விதிகளும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கும்.

அளக்கும் விதியில் இரக்கம் கிடையாது. 2021 பிரேசிலில், நேர்பாதையில் வேகம் கூட்டுவதற்காக ஹமில்டனின் காரின் பின்சிறகு திறக்கும்போது இடைவெளி 85 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. ஒரு பக்கத்தில் 0.2 மில்லிமீற்றர் கூடியது. வேண்டுமென்று செய்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றிலிருந்தே நீக்கிவிட்டார்கள். டயர் மாற்ற நிற்கும் இடத்துக்குப் போகும் பிட் பாதையின் வேகமும் அப்படியே: பெரும்பாலான களங்களில் மணிக்கு 80 கிலோமீற்றர், சில ஒடுங்கிய களங்களில் 60. இவற்றைப் பற்றி வாதிட விரும்பினால் விதியை எழுதியவரோடு வாதிடுங்கள், தீர்ப்பளித்தவரோடு வேண்டாம்.

வெள்ளைக் கோடும் அளவைதான். காரின் ஏதாவதொரு சக்கரம் கோட்டையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; கோடு களத்துக்குள் சேரும், அதற்கு அப்பால் ஓரத்தில் பதித்துள்ள வண்ணப் பட்டை வரிக்கல் சேராது. போட்டியில் மூன்றாம் முறை வெளியே போனால் கறுப்பு வெள்ளைக் கொடியால் எச்சரிக்கை, நான்காம் முறை 5 விநாடி. கேட்கும்போது எளிதாக இருக்கும். 2023 ஒஸ்திரியப் போட்டியில் இப்படிக் கோடு தாண்டியதாகச் சந்தேகிக்கப்பட்ட சம்பவங்கள் 1,200க்கும் மேல் குவிந்தன. எஸ்டன் மார்டின் அணி முறைப்பாடு செய்தபின் மறுபடி பார்த்து, போட்டி முடிந்து பல மணி நேரம் கழித்து எட்டு ஓட்டுநர்களின் நேரத்தைக் கூட்டினார்கள். அடுத்த ஆண்டு அங்கே கடைசி இரு முடக்குகளின் ஓரத்தில் சரளைக் கல் பட்டி போட்டார்கள். தாண்டினால் கார் தானே வேகம் இழக்கும். எனக்கு இந்தத் தீர்வு பிடித்திருக்கிறது: காணொளி பார்த்துக் கணக்கெடுப்பதைவிடக் களமே தண்டிப்பது நேர்மையானது.

நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. 1930களில் தொடங்கிய அந்தப் போட்டியிலும், நானுஓயாப் பக்கத்து ரதல்ல போட்டியிலும் கார்கள் ஒவ்வொன்றாகத்தான் மலை ஏறும். கடிகாரமே நடுவர். யார் யாரைத் தள்ளினார் என்ற பேச்சே எழாது. ஒரே முடக்கில் இரண்டு கார்கள் நுழையும்போதுதான் மதிப்பிடும் விதி பிறக்கிறது. நம் ஊர்ப் பழக்கம் நமக்குக் கற்றுத் தராத பகுதி அதுதான்.

முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை என்று சொல்லும் மஞ்சள் கொடியை மட்டும் இந்த இரண்டு வகைக்குள்ளும் போட்டு வாதிடாதீர்கள். மஞ்சள் கொடி கண்டும் வேகம் குறைக்காதவருக்காகப் பேசுவதை எங்கள் வட்டத்தில் நிறுத்திவிட்டோம். 2014இல் ஜப்பானின் சுசூக்காவில் இரட்டை மஞ்சள் கொடி காட்டப்பட்ட இடத்தில்தான் ஓட்டுநர் ஜூல்ஸ் பியங்கியின் கார் மீட்பு வாகனத்தில் மோதியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் களத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்கான விதியை மீறியவருக்குக் கூடுதல் தண்டனை கிடைத்தால், உங்கள் அபிமான ஓட்டுநராக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உள்முனையில் படத்தை நிறுத்துங்கள்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

ரம்பொடைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, சாரதி முடக்குக்குள் வண்டியை எப்படி எடுக்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். அகலமாகப் போய், உள்விளிம்பை ஒட்டி, மறுபடி அகலமாக வெளியே வருவார். உள்விளிம்புக்கு மிக அருகில் வண்டி வரும் இடத்தை நான் உள்முனை என்கிறேன். நம் மலைப் பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட்டு நிற்பது வழக்கம். பந்தயக் களத்தில் இப்படி இயல்பான முன்னுரிமை யாருக்கும் இல்லை. இடம் கேட்கும் உரிமையைச் சம்பாதிக்க வேண்டும்.

எப்படிச் சம்பாதிப்பது? எஃப்.ஐ.ஏ. அணிகளுக்குக் கொடுத்துவந்த ஓட்டுநர் நடத்தை வழிகாட்டல்களை 2025 ஜூனில் பொதுமக்களுக்கும் வெளியிட்டது. அதன் சாரம் இது. உள்பக்கமாகத் தாண்ட வருபவரின் முன் அச்சு, அதாவது முன் சக்கரங்களின் அச்சு, உள்முனைக்கு முன்பும் உள்முனையிலும், மற்றக் காரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவாவது இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் பாய்ந்து விழக் கூடாது. காரைக் கட்டுப்பாட்டில் வைத்து, களத்துக்குள்ளேயே முடக்கை முடிக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் தாண்டுபவருக்கு இன்னும் கடினம்: உள்முனையில் அவருடைய முன் அச்சு மற்றவரின் முன் அச்சைவிட முன்னால் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டல்கள் சட்டம் அல்ல என்பதையும் அதே ஆவணம் சொல்கிறது. நடுவர்களின் கையில் இருக்கும் அளவுகோல், அவ்வளவுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மறுகாட்சி வரும்போது மோதிய கணத்தைப் பார்க்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதற்குச் சற்று முன், உள்பக்கக் கார் உள்விளிம்பைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். கைபேசியில் பார்த்தால் விரலால் நிறுத்தலாம். முன் சக்கரங்களின் அச்சுகளுக்கு மனத்துக்குள் ஒரு கோடு போடுங்கள். வானிலிருந்து எடுத்த காட்சியும், ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்து எடுத்த காட்சியும் கிடைத்தால் நல்லது. பக்கவாட்டிலிருந்து தொலைவில் எடுத்த காட்சியை நம்பாதீர்கள், தூரங்களைச் சுருக்கி ஏமாற்றும்.

ஒஸ்டினை இப்படிப் பார்த்தோம். உள்முனையில் நொரிஸ் வெர்ஸ்டப்பனுக்குச் சமமாகக்கூட இல்லை. ஆகவே முடக்கின் முடிவில் இடம் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. களத்துக்கு வெளியே தாண்டிவிட்டு இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அளவுகோலின்படி தண்டனை சரி. அன்றிரவு நொரிஸுக்காகத் தொண்டை வறளப் பேசியவன் நான். படத்தை நிறுத்திப் பார்த்தபின் என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

ஆனால் ஒரு பாதிதான் மாற்றினேன். உள்பக்கம் இருப்பவர் பிரேக்கைத் தாமதமாக மிதித்து உள்முனைக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு களத்தைவிட்டு வெளியே போனாலும் உரிமை அவருக்கே என்றாகிறது. வெர்ஸ்டப்பன் அன்று செய்தது இதுதான். அளவுகோலில் ஓட்டை இருக்கிறது, அதைத் திறமையாகப் பயன்படுத்தினார். நடுவர்கள் சரி, அளவுகோல் பிழை: இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும். அடுத்த வாரமே மெக்ஸிகோவில், ஒரே சுற்றில் நொரிஸை வெளியே தள்ளியதற்கு 10 விநாடியும், களத்துக்கு வெளியே போய் நன்மை பெற்றதற்கு 10 விநாடியும் வெர்ஸ்டப்பனுக்கு விழுந்தன.

நான்காம் படி: குற்றத்தை விளைவால் அளக்காதீர்கள்

2021, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன், முதற்சுற்று. கொப்ஸ் முடக்கில் ஹமில்டனின் கார் உரசி, வெர்ஸ்டப்பன் 51 ஜி (புவியீர்ப்பைப் போல் 51 மடங்கு) விசையோடு தடுப்பில் மோதி மருத்துவமனைக்குப் போனார். ஹமில்டனுக்கு 10 விநாடி. அவர் அந்தப் போட்டியை வென்றார். ஒருவர் மருத்துவமனையில், மற்றவர் மேடையில். இது என்ன நீதி என்று கேட்காதவர் இல்லை. இரண்டு கார்களும் புல்லில் உருண்டு நின்றிருந்தாலும் தவறு அதே தவறுதான். தவறு யாருடையது என்பதை விளைவு தீர்மானிப்பதில்லை. தண்டனையின் அளவை எடுக்கும்போது உடனடி விளைவைச் சில வேளை பார்ப்பார்கள். ஆனால் தண்டிக்கப்பட்டவர் வெல்லக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

இதன் மறுபக்கம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபோர்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர். 2012 மலேசியப் போட்டியில், களத்திலேயே மிக மெதுவான கார்களில் ஒன்றான எச்.ஆர்.டி.யை ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒரு சுற்று முந்திய உலக வெற்றியாளர் செபஸ்டியன் வெட்டலின் பின் டயர் அவர் காரில் உரசிக் கிழிந்தது. வெட்டல் புள்ளியின்றி முடித்தார், பேட்டியில் மிகக் கடுமையாகப் பேசினார். கார்த்திகேயனுக்கு 20 விநாடி கூட்டினார்கள். முந்திக்கொண்டு போனவர் வழி வெட்டினாரா, வழி விட்டவர் நகர்ந்தாரா? படத்தை எத்தனையோ முறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் பங்குண்டு, தண்டிக்கத் தேவையில்லை என்பதே என் முடிவு. தமிழர் என்பதற்காகச் சொல்கிறேனா என்று என்னையே கேட்டு, கார்களின் நிறத்தை மாற்றி நினைத்துப் பார்த்தபின்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்: பெயர்களை மாற்றிப் போட்டாலும் தீர்ப்பு நிற்கிறதா?

ஐந்தாம் படி: தண்டனையின் அளவு

5 விநாடி, 10 விநாடி, பிட் பாதை வழியே ஓடிப் போதல், 10 விநாடி நின்று போதல் என்று ஏணி ஏறும். முதல் இரண்டையும் பிட்டில் நிற்கும்போது கழிக்கலாம். அந்நேரம் முடியும்வரை காரில் யாரும் கை வைக்கக் கூடாது. நிற்காவிட்டால் மொத்த நேரத்தோடு கூட்டுவார்கள். தகுதிச் சுற்றில் மற்றவரை மறித்தால் பொதுவாகத் தொடக்க வரிசையில் மூன்றிடம் பின்னால். உரிமத்தில் தண்டனைப் புள்ளிகளும் சேரும்: 12 மாதங்களில் 12 சேர்ந்தால் ஒரு போட்டித் தடை. அப்படித் தடை வாங்கிய முதல் ஓட்டுநர் கெவின் மெக்னுசன், 2024இல். இத்தாலியின் மொன்சாவில் பியர் கஸ்லியோடு உரசியதுதான் கடைசிப் புள்ளிகளைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்ட கஸ்லியே அது தண்டனைக்குரியதல்ல என்றார்.

ஆறாம் படி: தீர்ப்பின் தாளைப் படியுங்கள்

நம்மில் மிகச் சிலரே செய்யும் வேலை இது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிகப் பயன். ஒவ்வொரு தீர்ப்பையும் எஃப்.ஐ.ஏ. எழுத்தில் வெளியிடுகிறது. அரைப் பக்கம்தான்: நடந்தது, மீறிய விதியின் எண், தீர்ப்பு, காரணம். ஒஸ்டின் தாளைப் படித்தபோது எங்கள் மூன்றாவது நண்பரின் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருந்தது. வழக்கமான 10 விநாடிக்குப் பதில் 5 கொடுத்ததற்குக் காரணம், தானும் வெளியே போன வெர்ஸ்டப்பன் மிக அருகில் இருந்ததால் நொரிஸுக்கு வேறு வழி குறைவாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். நான்கு மணி வரை கத்தியவர்களுக்கு இரண்டு வாக்கியத்தில் விடை.

மறுபரிசீலனையும் இந்தத் தாளோடு சேர்ந்ததே. மறுபரிசீலனை கேட்கும் அணி, தீர்ப்பின்போது கிடைக்காத, புதிய, முக்கியமான, சம்பந்தமுள்ள ஆதாரம் கொண்டுவர வேண்டும். 2019 கனடாவில் புல்லுக்குள் போய்த் திரும்பிய வெட்டல், ஹமில்டனைச் சுவர்ப் பக்கம் நெருக்கியதாக 5 விநாடி வாங்கி, முதலாவதாக வந்தும் வெற்றியை இழந்தார். ஃபெராரி மறுபரிசீலனைக்குக் கொண்டுபோன ஆதாரங்களில் ஒன்று, சென்னையைச் சேர்ந்த முன்னாள் ஓட்டுநர் கருண் சந்தோக் தொலைக்காட்சிக்காகச் செய்த காட்சி ஆய்வு. மூன்றாம் நபரின் கருத்து முக்கியமான, சம்பந்தமுள்ள ஆதாரமாகாது என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். எவ்வளவு நல்ல வாதமாக இருந்தாலும் அது கருத்துத்தான்.

ஆதாரம் வலுவாக இருந்தால் தீர்ப்பு திரும்பும். 2023 சவூதிப் போட்டியில் பெர்னாண்டோ அலொன்சோ 5 விநாடித் தண்டனையைக் கழித்துக்கொண்டிருந்தபோது காரைத் தூக்கும் பின்பக்க ஜாக்கி காரைத் தொட்டது. அதற்காக மேலும் 10 விநாடி போட்டு மூன்றாமிடத்தைப் பறித்தார்கள். ஜாக்கி தொட்டும் தண்டனை கொடுக்காத ஏழு பழைய காட்சிகளை எஸ்டன் மார்டின் காட்டியது. சில மணி நேரத்தில் இடம் திரும்பி வந்தது. 2025இல் நெதர்லாந்தின் ஸன்ட்வோர்ட்டில் லியாம் லோசனோடு மோதிய கார்லோஸ் சைன்ஸுக்குப் போட்ட தண்டனைப் புள்ளிகளையும் வில்லியம்ஸ் அணியின் மனுவுக்குப் பின் நீக்கினார்கள். ஆனால் அவர் களத்தில் கழித்த 10 விநாடியை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

ஏழாம் படி: ஒப்பிடும்போது

'அன்று அவருக்குக் கொடுக்கவில்லையே' என்பது எல்லா வாதத்திலும் வரும். அலொன்சோ விடயத்தில் வென்றதும் அதே வாதம்தான், ஆகவே அதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் ஏழு காட்சிகளிலும் ஜாக்கி, ஏழிலும் அதே தொடுகை. உள்பக்கத் தாண்டலை வெளிப்பக்கத் தாண்டலோடும், 2019ஐ 2025ஓடும் ஒப்பிடாதீர்கள். இடையில் அளவுகோலும் குழுவும் மாறிவிட்டன. ஒரே ஆண்டு, ஒரே வகைத் தவறு, இரு வேறு தீர்ப்பு என்று காட்டினால் அது உண்மையான குறை. நிரந்தர நடுவர் குழு வேண்டும் என்று நான் கேட்பதும் அதற்காகத்தான்.

இனி நடைமுறை. எங்கள் வட்டத்தில் இப்போது பழைய கொப்பியின் தாள்களைக் கிழித்து வைத்திருக்கிறோம். விசாரணை என்று திரையில் வந்ததும் பிளேன்டீக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவரும் மூன்று வரி எழுத வேண்டும்: தவறு யாருடையது, எந்த விதி, எவ்வளவு தண்டனை. தீர்ப்பு வரும் முன் தாளை மடித்து மேசையில் போட வேண்டும். தாள் போடாதவர் அன்றிரவு அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச முடியாது. ஐரோப்பியப் போட்டிகள் பெரும்பாலும் மாலை ஆறரைக்குத் தொடங்குவதால் அன்றே தீர்ப்பின் தாளையும் படித்து முடிக்கலாம். அமெரிக்கப் போட்டி என்றால் தாள்களை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். திங்கள் மாலை வேலை முடிந்து வந்துதான் பிரிக்கிறோம்.